ஞாயிற்றுக்கிழமையின் மலை: ஒரு மான்செஸ்டர் பாடலை முன்வைத்து

மான்செஸ்டர் என்ற பெயர் நம்மிடம் துணி வழியாக வந்து சேர்ந்தது. கைத்தறி நெசவின் வீழ்ச்சியைப் பேசுகிற எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் வில்லன் அந்த ஊர்தான். கோயம்புத்தூரைப் பெருமையாகச் சொல்லவேண்டும் என்றால் அதே பெயர் பட்டமாகிவிடும்: தென்னிந்தியாவின் மான்செஸ்டர். ஆலைகளுக்கு வெளியே அந்த ஊருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது என்பதோ, அன்றைக்கு மலையேறக் கிளம்பிய கூட்டத்துக்கு 17 வயதுப் பையன் ஒருவன் பாட்டுக் கட்டிக் கொடுத்தான் என்பதோ நம் பேச்சில் வந்ததில்லை. இதைப் பேச வேண்டும் என்று எனக்குப் பல நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது. ஏன் பேச வேண்டும் என்பது மட்டும் பிடிபடாமல் இருந்தது. கடைசியில் அதைப் பிடித்துக் கொடுத்தது எந்தக் கோட்பாட்டாளரும் அல்ல, ஓர் ஆச்சி. அவரிடம் பிறகு வருகிறேன்.

பாடலின் பெயர் ‘தி மான்செஸ்டர் ராம்ப்ளர்’. எழுதியவர் யூவன் மக்கால். அந்தப் பெயர்கூடப் பின்னால் சூட்டிக்கொண்டதுதான். 1915இல் சால்ஃபோர்டில், ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஒரு வீட்டில் ஜிம்மி மில்லராகப் பிறந்தவர். அப்பா இரும்பு வார்ப்படத் தொழிலாளி, இடதுசாரி. சால்ஃபோர்ட், மான்செஸ்டருக்கு ஆற்றின் அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். எங்கெல்ஸ் 1845இல் எழுதிய புத்தகத்தில் வருகிற அதே சந்துகள், அதே புகை. 1930இல் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தபோது நாடு முழுக்க வேலையில்லாத் திண்டாட்டம். பொது நூலகத்தில் கதகதப்பாக இருக்கும் என்பதற்காகவே போய் உட்கார்ந்து படித்த பையன்களில் ஒருவர். கூடவே ‘சிவப்பு மெகாஃபோன்கள்’ என்ற தெருநாடகக் குழு. கையில் காசில்லாதவனுக்கு ஊரைவிட்டு வெளியே போக ஒரே வழி கால்தான். கிழக்கே பார்த்தால் பீக் மாவட்டத்து மலைகள். மலிவு ரயில் டிக்கெட்டில் ஹேஃபீல்ட் வரை போய்விட்டால் பிறகு எல்லாம் நடை.

ஆனால் நடக்க விடவில்லை. பிரச்சினையே அங்குதான். கிண்டர் ஸ்கௌட் என்பது 636 மீட்டர் உயரமுள்ள ஒரு மேட்டுவெளி. நம் கணக்கில் அது மலையே அல்ல, குன்று. புல்லும் ஹெதர் என்ற குறும்புதரும் சதுப்பும்தான் இருக்கும். அதன் பெரும்பகுதி கிரவுஸ் என்ற காட்டுக்கோழி வகையைச் சுடுவதற்காக மூடி வைக்கப்பட்டிருந்தது. பறவைக்கு இளந்தளிர் வேண்டும் என்று புதரைப் பட்டை பட்டையாக எரிப்பார்கள். ஆகஸ்ட் 12ஆம் தேதி வேட்டைக்காலம் தொடங்கும். ஆண்டில் சில நாட்கள் சில கனவான்கள் துப்பாக்கியோடு வந்து போவார்கள். மீதி நாளெல்லாம் வெளி சும்மா கிடக்கும், கையில் தடியோடு காவல்காரர்கள் சுற்றுவார்கள்.

1932 ஈஸ்டர் விடுமுறையில் பிரிட்டிஷ் தொழிலாளர் விளையாட்டுக் கூட்டமைப்பு என்ற இடதுசாரி அமைப்பின் முகாம் ஒன்று அந்தப் பக்கம் நடந்தது. நடக்கப் போன ஒரு சிறு குழுவைக் காவல்காரர்கள் விரட்டிவிட்டார்கள். ‘அஞ்சாறு பேர் போனால்தானே விரட்டுவீர்கள், நானூறு பேர் வந்தால்?’ என்பதுதான் அப்போது எழுந்த யோசனை. பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞர் முன்னின்றார். ருமேனிய யூதக் குடும்பம், மோட்டார் மெக்கானிக், அப்போது வேலை இல்லை. செய்தித்தாள்களுக்குத் தகவல் கொடுத்து விளம்பரப்படுத்தும் வேலை ஜிம்மி மில்லருக்கு. ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்கும் என்று ராத்மன் சைக்கிளிலேயே ஹேஃபீல்டுக்குப் போய்விட்டார். ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரியில் பாறைமேல் ஏறி நின்று பேசினார். கூட்டம் வில்லியம் க்ளௌ என்ற ஓடைப் பள்ளத்தாக்கு வழியாக ஏறியது. அந்தப் பாதையில் நடக்கச் சட்டப்படி உரிமை உண்டு. 1897இலேயே போராடித் திறக்கப்பட்ட பாதை அது. ஒரு கட்டத்தில் எல்லோரும் பாதையைவிட்டு விலகி மேட்டில் ஏறினார்கள். அந்தச் சில நூறு அடிகள்தான் குற்றம். காவல்காரர்களோடு தள்ளுமுள்ளு, அவர்களில் ஒருவருக்குக் காயம். கிழக்கே ஏடேல் பக்கமிருந்து வந்த கூட்டத்தையும் சந்தித்துவிட்டு, வந்த வழியே பாடிக்கொண்டு இறங்கினார்கள். கீழே போலீஸ் நின்றது. ஆறு பேர் கைது.

இதில் சட்டம் விளையாடிய விளையாட்டைப் பார்க்க வேண்டும். அடுத்தவர் நிலத்தில் கால்வைப்பது அன்றைய இங்கிலாந்தில் குற்றமே இல்லை. அது உரிமையியல் தகராறு. நிலக்காரர் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு கேட்கலாம், ஜெயிலில் போட முடியாது. ‘அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவர்’ என்று எழுதி நட்டிருந்த பலகை ஒவ்வொன்றும், நடையர்கள் கிண்டலாகச் சொன்னதுபோல, மரத்தாலான பொய். ஆகவே 1932 ஜூலையில் டார்பி நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது கலகம், சட்டவிரோதக் கூட்டம், தாக்குதல் என்று குற்றச்சாட்டுகள் மாறிவிட்டன. ஜூரியில் ராணுவ அதிகாரிகளும் நாட்டுப்புறக் கனவான்களும் நிறைந்திருந்தார்கள். ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம்.

அத்துமீறல் என்ற நம் சொல்லிலும் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம். அத்து என்றால் எல்லை. ‘ஹத்’ என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது என்பார்கள். எல்லையை யார் போட்டார்கள் என்பதை அந்தச் சொல் கேட்பதில்லை, மீறியவனை மட்டும் சுட்டுகிறது. இதற்கு எதிர்முனையில் புறம்போக்கு என்ற சொல் இருக்கிறது. யாருக்கும் பட்டா இல்லாத, ஆகவே எல்லோருக்குமான நிலம். அதை நாம் வசவாக்கிவிட்டோம். ஆங்கிலத்திலும் இதே கதைதான். ‘காமன்’ என்றால் பொதுநிலம். ‘காமன்’ என்றால் மட்டமானது, தரம் குறைந்தது. பொதுவாக இருப்பதே இழிவு என்று இரண்டு மொழிகளும் தனித்தனியாக முடிவுக்கு வந்திருப்பதைத் தற்செயல் என்று என்னால் விட்டுவிட முடியவில்லை. தனியுடைமையின் சொல்லாடல் முதலில் அகராதியைத்தான் வேலி போடுகிறது.

நிஜ வேலிகளின் கணக்கும் இருக்கிறது. 1604 முதல் 1914 வரை இங்கிலாந்து நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. 68 லட்சம் ஏக்கர், அதாவது நாட்டின் மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல், இப்படித் தனியார் கைக்குப் போனது. அதற்கு முன் அந்த நிலத்தில் ஏழைகளுக்கு என்ன உரிமை இருந்தது? மாடு மேய்க்கலாம். சுள்ளி பொறுக்கலாம். காயவைத்தால் விறகாக எரியும் சதுப்பு மண்ணை வெட்டி எடுக்கலாம். எல்லாமே வயிற்றோடும் அடுப்போடும் சம்பந்தப்பட்ட உரிமைகள். ஈ.பி. தாம்ப்சன் தன் வாழ்நாளில் பாதியை இந்த வழக்காறுகளைத் தோண்டியெடுப்பதில்தான் செலவழித்தார். 1723ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டம் மானைத் திருடியதற்கும் மரத்தை வெட்டியதற்கும் தூக்குத்தண்டனை வரை போனதை அவர் எழுதியதைப் படித்தவர்களுக்கு, 1932இல் நான்கு மாதச் சிறை என்பது பெரிய விஷயமாகத் தெரியாது.

இப்போது பாட்டுக்கு வரலாம். அது ஒரு நடையனின் சுயசரிதைபோலப் போகிறது. எந்தெந்த மேட்டில் படுத்தேன், எந்தப் பாறையடியில் கூடாரம் போட்டேன் என்று இடப்பெயர்களை அடுக்குகிறான். மாலையில் இறங்கும்போது ஒரு காவல்காரன் மறிக்கிறான். இதெல்லாம் எங்கள் எசமானுடைய நிலம் என்கிறான். பறவைகளை நினைத்துப் பார் என்கிறான். மலையைச் சொந்தம் கொண்டாடுவது ஆழ்கடலின் தரையைச் சொந்தம் கொண்டாடுவது போன்றது என்று இவன் பதில் சொல்கிறான். பல்லவியில் வாரம் இரண்டாகப் பிளக்கப்படுகிறது: திங்கட்கிழமை கூலிக்கு அடிமை, ஞாயிற்றுக்கிழமை சுதந்திர மனிதன்.

கடல் உவமையைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்துக் கரையிலிருந்து 12 கடல்மைல் வரை கடலடித் தரையின் பெரும்பகுதி அரசமுடியின் சொத்து நிறுவனத்துடையது. யாராலும் சொந்தமாக்க முடியாது என்று பையன் நினைத்த இடத்திலும் ஏற்கெனவே பட்டா போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கும் அப்பாலுள்ள ஆழ்கடல் தரையை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று 1982ஆம் ஆண்டு கடல்சட்ட உடன்படிக்கை அறிவித்தது. அங்கே கனிமம் தோண்டுவதற்கு இன்று கம்பெனிகள் வரிசையில் நிற்கின்றன.

பல்லவியின் இந்தப் பிளவுதான் பாட்டின் பலம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முதலாளித்துவக் காலத்தை ஒரு தொழிலாளி அனுபவிக்கிற விதத்தை இத்தனை சிக்கனமாகச் சொன்ன வரிகள் குறைவு. ஆனால் எழுதியவனின் அன்றைய நிலையை வைத்து இதை வாசித்தால் ஒரு விரிசல் தெரிகிறது. 1932இல் பிரிட்டனில் வேலையற்றவர்கள் ஏறத்தாழ 30 லட்சம். பாட்டெழுதியவனுக்கு நிலையான வேலை இல்லை. தலைமை தாங்கியவருக்கு வேலை இல்லை. லங்காஷயர் ஆலைகள் வரிசையாக மூடிக்கிடந்தன. அதற்கு ஏழு மாதம் முன்னால், 1931 செப்டம்பரில், காந்தி அந்தப் பக்கத்து டார்வென் ஊருக்குப் போய்த் துணிப் புறக்கணிப்பால் பாதிக்கப்பட்ட ஆலைத் தொழிலாளர்களை நேரில் சந்தித்தார். அவர்கள் அவரை வரவேற்றார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆக அந்த மலையேறியவர்களில் பலருக்குத் திங்கட்கிழமை என்று ஒன்றே இல்லை. வேலையில்லாதவனுக்கு ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமைதான், அதில் எந்தச் சுதந்திரமும் கிடையாது. பாட்டு அந்த வறட்சியைப் பேசாமல், கூலியடிமைத்தனம் என்ற ஒரு திங்கட்கிழமையைக் கற்பித்துக்கொண்டு, அதற்கு எதிரே மலையை நிறுத்துகிறது. கூலியாவது கிடைக்கட்டும் என்று ஏங்கியவனின் பாட்டு அல்ல இது. அப்படி எழுதியிருந்தால் யாரும் பாடியிருக்கவும் மாட்டார்கள்.

இன்னொன்று. பாட்டில் டெவன்ஷயர் டியூக் வரவே இல்லை. எசமான் என்ற சொல்லாகக் காவல்காரனின் வாயில் மட்டும் வருகிறார். நேருக்கு நேர் நிற்பது இரண்டு கூலிக்காரர்கள். ஒருவன் ஞாயிறன்று விடுமுறையில் இருக்கிறான், மற்றவனுக்கு ஞாயிறும் வேலைநாள். பாட்டு இவன் பக்கம் நின்றுகொண்டு அவன் முகத்தைக் கேலி செய்கிறது. அதிகாரம் எப்போதும் இப்படித்தான், தன் இடத்தில் ஒரு காவல்காரனை நிறுத்திவிட்டுக் காணாமல்போகும். பெண்ணும் அப்படியே. வெல்டிங் வேலை செய்கிற ஒருத்தியைக் காதலிக்கிறான். கல்யாண நாளன்று அவளை விட்டுவிட்டு மலைக்குப் போய்விடுகிறான். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அன்றைய நடைக் கூட்டங்களில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள், கிண்டர் ஊர்வலத்திலும் இருந்தார்கள். பாட்டுக்குள் வந்தவளோ கீழே மணப்பெண்ணாகக் காத்திருக்கிறாள். வெல்டிங் பற்றவைக்கிற அவளுக்கும் ஒரு திங்கட்கிழமை உண்டு. அவளுடைய ஞாயிறு எங்கே போயிற்று என்று மக்கால் கேட்கவில்லை.

நாட்டார் பாடல் என்ற வகைப்பாட்டுக்குள் இது வருமா என்று நண்பர்கள் கேட்டார்கள். எம்.ஏ. வகுப்பில் நாங்கள் மனப்பாடம் செய்த இலக்கணப்படி வராது. ஆசிரியர் தெரிகிறார், தேதி தெரிகிறது. மெட்டோ இன்னும் மோசம்: ஹைடனின் 94ஆம் சிம்ஃபனியிலிருந்து கிளைத்தது என்பார்கள். அந்த சிம்ஃபனி 1792இல் லண்டனில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. வேலிகள் மும்முரமாக எழுந்துகொண்டிருந்த அதே காலம். சீமான்கள் காது குளிரக் கேட்ட மெட்டை 140 ஆண்டு கழித்து ஒரு வார்ப்படத் தொழிலாளியின் மகன் தூக்கிக்கொண்டு வேலி தாண்டியிருக்கிறான். மெட்டிலும் ஓர் அத்துமீறல். இதே மக்கால்தான் 1960களில் லண்டன் பாடகர் மன்றத்தில் அவரவர் மண்ணின் பாட்டை அவரவர்தான் பாட வேண்டும் என்று விதி போட்டார் என்பது வேடிக்கை. தூய்மைவாதிகளின் இளமையைத் தோண்டினால் எங்கோ ஒரு ஹைடன் கிடைப்பார் போலும். நம் பக்கத்திலும் 2017இல் கபேர் வாசுகி எழுத, டி.எம். கிருஷ்ணா கர்நாடக ராகங்களில் பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ எண்ணூர்க் கழிமுகத்தைப் பேசியது. சபா மேடையின் இசை சாம்பல் படிந்த சேற்றுக்குப் போனதை ஹைடனோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம். என் முடிவு: ஒரு பாட்டு எப்படிப் பிறந்தது என்பதைவிட யார் வாயில் தங்கியது என்பதே அதை நாட்டார் பாடலாக்குகிறது. 1896இல் போல்ட்டன் அருகே விண்டர் ஹில் பாதையை நிலக்காரர் அடைத்தபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டு போனார்கள். அதற்கும் ஆலன் கிளார்க் ஒரு பாட்டு எழுதினார், அதிலும் ஞாயிற்றுக்கிழமைதான். கிண்டரைவிடப் பல மடங்கு பெரிய போராட்டம் அது. ஆனால் வெளியூரில் யாருக்குத் தெரியும்? இந்தப் பாட்டோ அறுபதாண்டு, எழுபதாண்டாக முகாம்களிலும் மதுக்கடைகளிலும் எழுதியவர் யாரென்று தெரியாமலே பாடப்பட்டுவந்திருக்கிறது.

வரலாற்றாளர்களுக்கு இதில் எரிச்சல் உண்டு, நியாயமான எரிச்சல். நடையர் சங்கத்தை நீண்டகாலம் நடத்திய டாம் ஸ்டீஃபன்சன், கிண்டர் ஊர்வலம் எதையும் சாதிக்கவில்லை, போனவர்கள் உச்சிக்கே போகவில்லை என்று எழுதினார். பென்னைன் நெடும்பாதை 1965இல் திறக்கப்பட்டதற்கு முதல் காரணம் அவர், பேசத் தகுதியுள்ளவர். மலைக்குப் போக உரிமை கேட்டு ஜேம்ஸ் பிரைஸ் 1884இலேயே நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். சங்கங்கள் மனுமேல் மனுப் போட்டன. 1932இல் மான்செஸ்டர் நடையர் கூட்டமைப்பு இந்த ஊர்வலத்தை வெளிப்படையாக எதிர்த்தது. 1939இல் வந்த சட்டம் நிலக்காரர்களின் கையில் சிதைந்து, சில சூழ்நிலைகளில் அத்துமீறலையே குற்றமாக்குகிற அளவுக்குத் தலைகீழானது. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம், 1951இல் முதல் பூங்காவாகப் பீக் மாவட்டம், 2000இல் திறந்தவெளிகளில் நடக்கும் உரிமை. மனுப்போட்ட நூறு ஆண்டின் உழைப்பு இது. ஒரு ஞாயிற்றுக்கிழமையின் வெற்றி அல்ல. எல்லாம் சரி. ஆனால் மனுக்களுக்கு மெட்டு இல்லையே! ஐந்து பேர் ஜெயிலுக்குப் போன பிறகு, அந்த ஜூன் மாத வின்னட்ஸ் கணவாய்க் கூட்டத்துக்கு 10,000 பேர் வந்தார்கள் என்று எழுதவந்த நான் தேதியைச் சரிபார்த்துத் திருத்திக்கொண்டேன்: ஜூனில் அவர்கள் இன்னும் தண்டிக்கப்படவில்லை, கைதாகி மட்டும் இருந்தார்கள். தொன்மம் இப்படித்தான் வேலைசெய்கிறது, எழுதுகிறவனின் கைக்குள்ளேயே புகுந்து வரிசையை மாற்றிவிடுகிறது.

2002 ஏப்ரலில் 70ஆம் ஆண்டு விழா. அப்போதைய டெவன்ஷயர் டியூக் அந்த இடத்துக்கே வந்து தன் தாத்தா செய்தது தவறு என்று பொதுமக்கள் முன் மன்னிப்புக் கேட்டார். ராத்மன் அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜனவரியில், 90 வயதில் இறந்துபோயிருந்தார்.

இனி ஆச்சி. எம்.ஏ. படித்தபோது பாட்டுச் சேகரிக்கப் போன மலையடிவார ஊருக்கு இரண்டு வருஷத்துக்கு முன் மறுபடி போயிருந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழல் விழுகிற ஊர். சிறுவயதிலிருந்து விறகுக்கட்டு சுமந்து பிழைத்தவர் அந்த ஆச்சி. ‘நீயே பாட்டு வாங்கிட்டு வாங்கிட்டுப் போற, நீ ஒண்ணு குடுக்கக் கூடாதாய்யா?’ என்றார். எனக்குப் பாட வராது. மக்காலின் பாட்டைக் கதையாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

‘மேல போயி என்னத்த எடுத்துட்டு வந்தாவ?’

‘ஒண்ணும் எடுக்கல ஆச்சி. சும்மா நடந்துட்டு வந்தாங்க.’

‘சும்மா நடந்ததுக்கா செயிலு?’

‘ஆமா.’

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘அது சரி, ஞாயித்துக்கெளம மட்டும் போனாப் போதுமாக்கும்? திங்கக்கெளம அடுப்பெரிய வேண்டாமா?’ என்றார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தன் கட்டைப் பிடுங்கிக்கொண்டு அரிவாளையும் கயிற்றையும் கொடுக்காமல் அனுப்பிய வனக்காவலர்களைப் பற்றி அப்புறம் சொன்னார்.

நம் இலக்கியத்தில் சும்மா நடக்கிறவன் இல்லை என்பது அன்று இரவு பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. உலாவில் நடப்பவன் தலைவன். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் தெருவில் நின்று பார்த்து மயங்க வேண்டும். ஆற்றுப்படையில் நடப்பவர்கள் பசித்தவர்கள். மலைபடுகடாத்தின் அத்தனை மலைவழியும் நன்னனிடம் போய்ப் பரிசில் வாங்குவதற்கான வழி. அதிகாரத்தின் நடை, வறுமையின் நடை. மூன்றாவதாக ஒரு நடை வேண்டும் என்றால் முதலில் வாரவிடுமுறை என்ற ஒன்று வேண்டும், அதற்கு ஆலை வேண்டும். ராம்ப்ளர் என்பதற்குத் தமிழில் சொல் தேடினால் ஊர்சுற்றி என்ற வசவுதான் கைக்கு வருகிறது.

ஆச்சியின் கேள்வியோடு 2000ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இங்கிலாந்தின் பரப்பில் சுமார் 8 சதவீத நிலத்தில் கால்நடையாகப் போகலாம். தீ மூட்டக்கூடாது. கூடாரம் போடக்கூடாது. செடியையோ மரத்தையோ வேரையோ வேண்டுமென்றே பறிக்கவோ சேதப்படுத்தவோ கூடாது. சட்டத்தின் அட்டவணையில் வரிசையாக இருக்கிறது. கொள்ளுத்தாத்தாக்களிடமிருந்து பறிக்கப்பட்டது சுள்ளியும் மேய்ச்சலும்; கொள்ளுப்பேரன்களுக்குத் திரும்பக் கிடைத்தது காட்சி. இயற்கையைக் காட்சியாகப் பார்க்கிற பார்வையே நிலத்தில் உழைத்தவர்களை மறைத்து உருவானது என்று ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் எழுதியதை மக்காலின் பாட்டுக்குப் பொருத்திப் பார்க்க மனம் கொஞ்சம் கூசுகிறது. இருந்தாலும் பொருந்துகிறது. பாட்டு ஞாயிறைக் கேட்டது, சட்டம் ஞாயிறைக் கொடுத்தது. திங்கட்கிழமையை யாரும் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் வேட்டைப் பறவைக்காக வேலி போட்ட அதே வர்க்கம்தான் இங்கேயும் வந்தது. நீலகிரியில் வேட்டைக்காரத் துரைமார் 1877இல் சங்கம் வைத்தார்கள், 1879இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கத் தனிச் சட்டம் வந்தது. 1882இல் மதராஸ் வனச்சட்டம். ஆச்சியின் அரிவாளைப் பிடுங்கிய கைக்கு அந்தச் சட்டத்திலிருந்துதான் பலம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் எடுப்பதைக் காட்டில் வாழ்வோரின் உரிமையாக ஒப்புக்கொள்கிறது. நடைமுறை எப்படி என்பது வேறு விஷயம். கேட்கப்பட்டது மட்டும் திங்கட்கிழமை.

மக்காலைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. ‘சும்மா’ நடக்கிற உரிமை சின்ன உரிமை என்று நம்மால் எப்படிச் சொல்ல முடியும்? 1924 மார்ச் 30ஆம் தேதி வைக்கத்தில் மூன்று தொண்டர்கள் கோர்த்த கையோடு நடந்து போனது ஒரு பலகையை நோக்கித்தான். தீண்டல் பலகை. அதற்கு அப்பால் கோயிலைச் சுற்றிய தெருவில் சாதியின் பெயரால் விலக்கப்பட்டவர்கள் நடக்கக்கூடாது. அந்தத் தெருவில் நாயும் மாடும் நடந்தன. ஏப்ரலில் போய்ச் சேர்ந்த பெரியார் இரண்டு முறை சிறை சென்றார். 1925 நவம்பரில் முடிந்தபோது கிழக்குத் தெரு தவிர மற்றவை திறந்தன. கிண்டரின் பலகை சொத்தின் பெயரால் தடுத்தது. ஒரு டியூக் மன்னிப்புக் கேட்டு முடித்துவைக்கலாம். வைக்கத்தின் பலகை உடம்பின் பெயரால் தடுத்தது. அதைப் பிடுங்கிப் போட்ட பிறகும் தெருவிலிருந்து தெருவுக்கு அது நடப்பட்டுக்கொண்டே இருக்கிறது. செருப்புப் போட்டு நடக்கவும் சைக்கிளில் ஏறிப் போகவும் முடியாத தெருக்களைப் பற்றி இன்றும் செய்தி படிக்கிறோம். அதே பெரியார் 1932 ஜூனில் இங்கிலாந்தில் இருந்தார். கிண்டரிலிருந்து அதிகத் தொலைவில்லாத மெக்ஸ்பரோவில், சுரங்கத் தொழிலாளர்கள் திரண்ட கூட்டத்தில் பேசினார். டார்பி வழக்குக்குச் சில வாரங்களே இருந்தன. இரண்டையும் முடிச்சுப் போட நான் முயலவில்லை. இரண்டு பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கிண்டர் விஷயம் முடிந்துபோன கதை என்றும் நினைக்க வேண்டாம். தென்மேற்கே டார்ட்மூரில் இரவு கூடாரமடித்துத் தங்கும் உரிமை இல்லை என்று 2023 ஜனவரியில் ஒரு தீர்ப்பு. மக்கள் மேட்டுக்குப் போய்ப் பாடினார்கள், பேசினார்கள். ஜூலையில் மேல்முறையீட்டில் உரிமை திரும்பியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

கிண்டரின் உச்சி இப்போது 1982 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. யாரும் மறிப்பதில்லை. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளாக மான்செஸ்டர் ஆலைகள் விட்ட கந்தகப் புகை அந்த மேட்டில் படிந்து, சதுப்பைக் கட்டிக்காத்த பாசியைக் கொன்றிருக்கிறது. மண் கறுத்து, வெடித்து, மழையில் கரைந்து போய்க்கொண்டிருந்தது. வாரம் முழுக்க ஆலையில் எரித்த நிலக்கரி, சுதந்திர மனிதன் நடந்த மண்ணுக்கு அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கிறது. சில ஆண்டுகளாக ஹெலிகாப்டரில் மூட்டை மூட்டையாக ஹெதர் தழையைக் கொண்டுபோய்ப் பரப்பி, நாற்றுநடவு போலக் குனிந்து பாசியை நட்டுவருகிறார்கள். கூலி கொடுத்து ஆள் வைத்துச் செய்கிற வேலை.